இன்டரப்ட் லைனைப் பகிர்வதா, தனியாக வைப்பதா? டிரைவர் எழுதுபவருக்கு ஒரு ஒப்பீடு

இன்டரப்ட் என்பது "என்னைக் கவனி" என்று சாதனம் சிபியுவுக்கு அனுப்பும் சைகை, அது வரும் கம்பிதான் லைன். லினக்ஸ் டிரைவரில் இன்டரப்ட்டைப் பதிவு செய்ய ஒரே ஒரு வரி போதும். லைன் எண், ஹேண்ட்லர் (இன்டரப்ட் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்), ஃப்ளாக், பெயர், சாதனத்துக்கான பாயிண்டர் என்று ஐந்தையும் ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூ-விடம் கொடுத்தால் வேலை முடிந்தது. அந்த ஃப்ளாக் இடத்தில் ஐஆர்க்யூஎஃப்_ஷேர்ட் (லைனைப் பகிரச் சம்மதம்) போடுவதா வேண்டாமா என்று பலர் யோசிப்பதே இல்லை. பக்கத்து டிரைவரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். மேசையில் ஒரே ஒரு சாதனத்தோடு சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடும். அதே லைனில் இன்னொரு சாதனம் வந்து உட்கார்ந்த பிறகுதான் தலைவலி ஆரம்பிக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகிர்வதா தனியா என்ற முடிவு எத்தனை லைன் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல. "இந்த இன்டரப்ட் உன்னுடையதா?" என்று கேட்டால் உங்கள் சாதனம் எந்த நேரத்திலும், தூங்கிக்கொண்டிருந்தாலும்கூட, சரியான பதில் தருமா என்பதைப் பொறுத்தது. தரும் என்றால் பகிரலாம். தராது என்றால் எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் பகிரக் கூடாது, வேறு வழியைத்தான் தேட வேண்டும். அந்த வேறு வழிகள் நான்கு: தனி லைன், எம்எஸ்ஐ (கம்பி இல்லாமல் மெமரி எழுத்தாக வரும் இன்டரப்ட்), நடுவில் ஒரு பிரிப்பான், கடைசியாக போலிங் (இன்டரப்ட் இல்லாமல் அவ்வப்போது நாமே கேட்பது).

பகிர்வு ஏன் வந்தது, எங்கே உடைகிறது

பழைய பிசியில் இரண்டு 8259 இன்டரப்ட் கன்ட்ரோலர்களைக் கோத்து வைத்திருந்தார்கள். ஆளுக்கு 8 உள்ளீடு, அதில் ஒன்று இரண்டையும் இணைக்கவே போய்விடும், மிச்சம் 15. டைமர், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் எடுத்தது போக கார்டுகளுக்கு மிஞ்சியது சொற்பம். சீரியல் போர்ட்டுகளில் காம்1-உம் காம்3-உம் லைன் 4-ஐயும், காம்2-உம் காம்4-உம் லைன் 3-ஐயும் பங்கு போட்டுக்கொண்டது அந்தக் காலத்து வழக்கம்.

ஆனால் கார்டுகளை இணைத்த ஐஎஸ்ஏ பஸ் எட்ஜ் முறையில் வேலை செய்தது. லைன் கீழிருந்து மேலே ஏறும் அந்த ஒரு கணத்தை மட்டும்தான் கன்ட்ரோலர் கவனிக்கும். முதல் கார்டு லைனை உயர்த்திப் பிடித்திருக்கும்போதே இரண்டாவது கார்டும் உயர்த்தினால் புதிதாக எந்த ஏற்றமும் தெரியாது. முதல் கார்டைக் கவனித்துவிட்டு ஹேண்ட்லர் திரும்பினால், இரண்டாவது கார்டு லைனைப் பிடித்தபடியே நிற்கும். லைன் இறங்கவே இல்லை என்பதால் அடுத்த இன்டரப்ட்டும் வராது. போர்ட் உறைந்துபோகும். இத்தனைக்கும் எந்த எர்ரர் செய்தியும் இருக்காது.

லினக்ஸின் 8250 சீரியல் டிரைவர் இதைக் கையாளும் விதத்தை ஒரு முறையாவது படித்துப் பார்க்க வேண்டும். ஒரே லைனில் உள்ள போர்ட்டுகளை ஒரு வட்டப் பட்டியலில் கோத்து வைத்திருக்கிறது. இன்டரப்ட் வந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போகும். யாருக்காவது வேலை இருந்தால் முடித்துவிட்டு மறுபடியும் சுற்றும். ஒரு முழுச் சுற்றில் ஒருவரிடமும் வேலை இல்லை என்று உறுதியான பிறகுதான் வெளியே வரும். எல்லாரும் ஒரே நேரத்தில் அமைதியாக இருந்தால்தான் லைன் கீழே இறங்கியிருக்கும், அடுத்த எட்ஜும் கிடைக்கும். முடிவில்லாமல் சுற்றிவிடக் கூடாது என்பதற்காக 512 சுற்று என்று ஒரு வரம்பும் உண்டு. எட்ஜ் லைனைப் பகிர்ந்தே ஆக வேண்டும் என்றால் இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது. அதுவும் எல்லாப் போர்ட்டும் ஒரே டிரைவரின் கையில் இருப்பதால்தான் முடிகிறது. இரண்டு வேறு வேறு டிரைவர்களுக்கு இடையில் இப்படி ஒரு சுற்றை நடத்த வழியில்லை.

பிறகு பிசிஐ பஸ் வந்தபோது இதைத் திருத்தினார்கள். லெவல் முறை, தாழ்வு நிலையில் செயல்படும், ஓப்பன் டிரெயின். எத்தனை சாதனங்கள் வேண்டுமானாலும் ஒரே லைனைக் கீழே இழுக்கலாம். கடைசி ஆள் விடும் வரை லைன் தாழ்வாகவே இருக்கும், இன்டரப்ட்டும் திரும்பத் திரும்ப வரும். எதுவும் தொலையாது. எனவே முதல் விதி எளிது: லெவல் என்றால் மேலே யோசிக்கலாம், எட்ஜ் என்றால் பகிர்வை மறந்துவிடுங்கள். டிவைஸ் ட்ரீயில் (போர்டில் உள்ள சாதனங்களைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) ஒரு சாதனம் எட்ஜ் என்றும் மற்றொன்று லெவல் என்றும் எழுதியிருந்தால், இரண்டாவதாக வருபவரைக் கெர்னலே மறுத்துவிடும். ஃப்ளாக் பொருந்தவில்லை என்று லாக்கில் ஒரு வரி வரும். அப்போது ஃப்ளாக்கை மாற்றி வாயை அடைக்கப் பார்க்காமல், சர்க்யூட் படத்தை எடுத்து உண்மையில் அந்த லைன் எந்த வகை என்று பாருங்கள்.

பகிர்ந்தால் என்ன ஒப்பந்தம்

லெவல் லைனில் லினக்ஸ் செய்வது நேரடியானது. பதிவு செய்த எல்லா ஹேண்ட்லர்களையும் வரிசையாகக் கூப்பிடும். முதல் ஆள் "என்னுடையது" என்று சொன்னாலும் மிச்சம் உள்ளவர்களையும் கூப்பிடத்தான் செய்யும். விண்டோஸ் லெவல் லைனில் யாராவது ஏற்றுக்கொண்டதும் நிறுத்திவிடும், வேலை மிச்சம் இருந்தால் லைன் மறுபடி கூப்பிடும் என்ற நம்பிக்கையில். ஃப்ரீபிஎஸ்டியில் ஃபில்டர் என்ற சிறு ஹேண்ட்லர், தன்னுடையது இல்லை என்றால் அதற்கென உள்ள மதிப்பைத் திருப்பித் தரும். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: ஒவ்வொரு ஹேண்ட்லரும் உண்மையைச் சொல்ல வேண்டும்.

பொய் சொன்னால் என்ன ஆகும்? இரண்டு விதமாகப் பொய் சொல்லலாம். தன் வேலையைச் செய்துவிட்டு ஐஆர்க்யூ_நன் ("என்னுடையது இல்லை") என்று திருப்புவது ஒன்று. கெர்னல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது: 1,00,000 இன்டரப்ட்டில் 99,900-க்கு மேல் யாருமே ஏற்கவில்லை என்றால், "நோபடி கேர்ட்" என்று லாக்கில் அலறிவிட்டு அந்த லைனையே மூடிவிடும். மூடிய பிறகு விநாடிக்குச் சுமார் 10 முறை டைமர் வைத்து ஹேண்ட்லர்களைக் கூப்பிட்டுப் பார்க்கும். அதனால் சாதனம் முழுதாகச் சாகாது, ஆமை வேகத்தில் ஊரும். நெட்வொர்க் கார்டு திடீரென்று மந்தமாகிவிட்டது என்று யாராவது புலம்பினால், அதே லைனில் உட்கார்ந்திருக்கும், சம்பந்தமே இல்லாத இன்னொரு டிரைவர் காரணமாக இருக்கலாம். பகிர்வின் உண்மையான விலை இதுதான்: தப்பு செய்வது ஒருவர், மாட்டிக்கொள்வது இன்னொருவர்.

மற்ற பொய் இதைவிட மோசம். ஸ்டேட்டஸைப் பார்க்காமலே எப்போதும் ஐஆர்க்யூ_ஹேண்டில்ட் ("என்னுடையது, முடித்துவிட்டேன்") என்று திருப்புவது. "எதற்கு வம்பு" என்று இப்படி எழுதப்பட்ட டிரைவர்கள் நிறைய உண்டு. இதில் கெர்னலின் கணக்கே குருடாகிவிடும். யாரோ ஒருவர் லைனைப் பிடித்தபடி இருக்க, இன்டரப்ட் மேல் இன்டரப்ட்டாக வந்து கொட்டும், ஒரு சிபியு முழுதாக மாட்டிக்கொள்ளும். லைனை மூட வேண்டிய பாதுகாப்பு அரண் விழித்துக்கொள்ளவே செய்யாது, லாக்கிலும் ஒரு வரி இருக்காது.

பாயிண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பகிரும் லைனில் அதை வெறுமையாகக் கொடுத்தால் கெர்னல் பதிவையே மறுக்கும். பதிவை நீக்க ஃப்ரீ_ஐஆர்க்யூ கூப்பிடும்போது யாருடைய ஹேண்ட்லரை எடுப்பது என்று அதை வைத்துத்தானே தெரியும். ஒரே டிரைவர் மூன்று சாதனங்களை நடத்தினால் மூன்றுக்கும் தனித்தனிப் பாயிண்டர் கொடுத்து மூன்று முறை பதிவு செய்வதே நல்லது. ஒரு முறை பதிவு செய்து உள்ளே நாமே சுற்றிப் பார்ப்பது 8250 போன்ற எட்ஜ் கட்டாயத்துக்கு மட்டும்.

தூங்கும் சாதனம்

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பகிர்வைப் பற்றிய பெரும்பாலான விளக்கங்கள் "ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படி, உன்னுடையது இல்லை என்றால் நன் என்று திருப்பு" என்பதோடு முடிந்துவிடுகின்றன. படிக்க முடியாத நேரத்தில் என்ன செய்வது?

லைன் உங்களுடையது மட்டும் என்றால், சாதனத்தைத் தூங்க வைத்த பிறகு உங்கள் ஹேண்ட்லரை யாரும் கூப்பிட மாட்டார்கள். பகிர்ந்த லைனில் பக்கத்துச் சாதனம் விழித்திருக்கும். அதன் ஒவ்வொரு இன்டரப்ட்டுக்கும் உங்கள் ஹேண்ட்லரும் ஓடும். பிசிஐ சாதனம் மின்சாரம் குறைந்த நிலையிலோ கழற்றப்பட்ட நிலையிலோ இருந்தால், ரெஜிஸ்டரைப் படிக்கும்போது எல்லா பிட்டும் 1 என்று வரும். உங்கள் நிரல் "இன்டரப்ட் பிட் 1-ஆ?" என்று மட்டும் பார்த்தால், ஆம் என்று எடுத்துக்கொண்டு இல்லாத வேலையைச் செய்யக் கிளம்பிவிடும். கியூ நிரம்பியது, எர்ரர் வந்தது, டிஎம்ஏ முடிந்தது என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடந்ததாகத் தெரியும். அதனால் படித்த மதிப்பு முழுக்க 1 என்றால் உடனே ஐஆர்க்யூ_நன் என்று வெளியேறும் ஒரு வரி பிசிஐ ஹேண்ட்லரின் தலையிலேயே இருக்க வேண்டும்.

பல எஸ்ஓசி-களில் (சிபியுவும் சாதனங்களும் ஒரே சிப்பில் இருப்பவை) நிலைமை இன்னும் கடுமை. சாதனத்தின் கிளாக் அணைந்திருக்கும்போது அதன் ரெஜிஸ்டரைத் தொட்டால் 1-கள் வராது. பஸ் எர்ரர் வந்து கெர்னல் விழும், அல்லது பஸ்ஸே தொங்கிப்போய் மெஷின் அப்படியே நிற்கும். இங்கே ரன்டைம் பவர் நிலையைக் கேட்டுவிட்டுத்தான் ரெஜிஸ்டரைத் தொடலாம்: தூங்குகிறது என்றால் நன் என்று திருப்பு. ஆனால் கேட்ட கணத்துக்கும் தொடும் கணத்துக்கும் நடுவில் வேறொரு சிபியு அதைத் தூங்க வைத்துவிடலாம். எனவே தூங்க வைக்கும் பாதையிலும் ஒழுங்கு வேண்டும். முதலில் சாதனத்திலேயே இன்டரப்ட்டை மூடு, "தூங்கப் போகிறேன்" என்று குறித்துவை, சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ கூப்பிட்டு ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும் வரை காத்திரு, அப்புறம்தான் கிளாக்கை அணை.

பதிவு செய்யும் நேரமும், எடுக்கும் நேரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சிக்கல்கள்தான். பகிர்ந்த லைனில் ரெக்வெஸ்ட்_ஐஆர்க்யூ திரும்புவதற்கு முன்பே உங்கள் ஹேண்ட்லர் ஓடிவிடலாம். அதனால் ஹேண்ட்லர் தொடும் லாக், பஃபர், மேப்பிங் எல்லாம் அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். எடுக்கும்போது டெவ்எம் வகை பதிவு (கெர்னலே தானாக விடுவித்துக்கொள்ளும் வகை) ஒரு கண்ணி வைக்கிறது. டிரைவரின் ரிமூவ் முழுதாக முடிந்த பிறகுதான் அது இன்டரப்ட்டை விடுவிக்கும். ரிமூவ்-க்குள் நீங்கள் கிளாக்கைக் கையால் அணைத்திருந்தால், அதற்கும் விடுவிப்புக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி. பக்கத்துச் சாதனத்தின் ஒரு இன்டரப்ட் அங்கே விழுந்தால் மெஷின் போச்சு. கிளாக்கையும் டெவ்எம் வழியாகவே, இன்டரப்ட்டுக்கு முன்னால் எடுத்துவிட்டால், விடுவிப்பு தலைகீழ் வரிசையில் நடப்பதால் இன்டரப்ட் முதலில் போகும், கிளாக் பிறகு அணையும். இரண்டில் ஒன்று மட்டும் டெவ்எம் என்ற கலவைதான் ஆபத்து.

தனி லைன்

இத்தனையும் படித்துவிட்டு "எனக்குத் தனி லைனே வேண்டும்" என்று தோன்றினால் அது நியாயமான ஆசை. நீங்களே போர்டை வடிவமைக்கிறீர்கள், கன்ட்ரோலரில் இடம் இருக்கிறது என்றால் தனி லைனே கொடுங்கள். ஹேண்ட்லர் சின்னதாகும், யாருடையது என்ற கேள்வியே எழாது, டிஸேபிள்_ஐஆர்க்யூ-வைத் தயங்காமல் பயன்படுத்தலாம். பகிர்ந்த லைனில் அதைக் கூப்பிட்டால் பக்கத்து ஆளின் இன்டரப்ட்டும் சேர்ந்து நின்றுவிடும்.

தனி லைன் கட்டாயம் ஆகும் இடமும் உண்டு, அதற்கு விஎஃப்ஐஓ நல்ல சாட்சி. விர்ச்சுவல் மெஷினுக்குள் ஒரு பிசிஐ சாதனத்தை அப்படியே ஒப்படைக்கும் டிரைவர் அது. சாதனத்தின் உள்விவரம் எதுவும் அதற்குத் தெரியாது, அதன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் எங்கே என்றுகூடத் தெரியாது. பிசிஐ 2.3 பதிப்பு எல்லாச் சாதனத்துக்கும் பொதுவான இரண்டு பிட்டுகளைக் கன்ஃபிக் பகுதியில் கொண்டுவந்தது: "நான் இன்டரப்ட் எழுப்பியிருக்கிறேன்" என்பது ஒன்று, "என் இன்டரப்ட்டை மூடு" என்பது மற்றொன்று. சாதனத்தில் இவை இருந்தால் விஎஃப்ஐஓ லைனைப் பகிர ஒப்புக்கொள்கிறது. இல்லையென்றால் பகிர்வு ஃப்ளாக் இல்லாமல் தனி லைன் கேட்கிறது, கிடைக்காவிட்டால் தோற்றுப்போகிறது. கெர்னல் எழுதியவர்கள் முடிவெடுத்த அளவுகோல் நான் மேலே சொன்ன அதே கேள்விதான்.

எம்எஸ்ஐ இருந்தால்

பிசிஐ எக்ஸ்பிரஸ் சாதனத்துக்கு டிரைவர் எழுதுகிறீர்கள் என்றால் விவாதம் கிட்டத்தட்ட முடிந்தது. எம்எஸ்ஐ-யில் கம்பியே கிடையாது. குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு மெமரி எழுத்து, அவ்வளவுதான். எம்எஸ்ஐ-யில் 32 வரை, எம்எஸ்ஐ-எக்ஸில் 2048 வரை வெக்டர் (தனித்தனி இன்டரப்ட்) கேட்கலாம். ஒவ்வொரு கியூவுக்கும் தனி வெக்டர் கொடுத்து வெவ்வேறு சிபியுவில் ஓடவிடலாம். யாருடையது என்று ரெஜிஸ்டரைப் படிக்கத் தேவையில்லை. அந்த ஒரு வாசிப்புக்காக சிபியு பஸ்ஸைக் கடந்து பதில் வரும் வரை காத்திருக்க வேண்டும் என்பதால், வேகமான சாதனங்களில் இதுவே பெரிய மிச்சம்.

அதிகம் பேசப்படாத இன்னொரு நன்மை வரிசை. பழைய லைன் முறையில் சாதனம் டேட்டாவை மெமரிக்கு எழுதிவிட்டு லைனை இழுக்கும். லைன் தனி வழி என்பதால், டேட்டா இன்னும் பாதி வழியில் இருக்கும்போதே இன்டரப்ட் வந்துவிடலாம். ரெஜிஸ்டரைப் படித்தால்தான் அந்த எழுத்துகள் முன்னே தள்ளப்படும். எம்எஸ்ஐ-யும் ஒரு எழுத்துதான் என்பதால் டேட்டாவின் பின்னாலேயே வரும், இந்தச் சந்தேகம் இல்லை.

அப்படியென்றால் பகிர்வை மறந்துவிடலாமா? இல்லை. பிசிஐ_அலாக்_ஐஆர்க்யூ_வெக்டர்ஸ்-இடம் எல்லா வகையும் சம்மதம் என்று சொன்னால் எம்எஸ்ஐ-எக்ஸ், எம்எஸ்ஐ, கடைசியாகப் பழைய லைன் என்று இறங்கி வரும். எம்எஸ்ஐ அணைக்கப்பட்ட மெஷினில் உங்கள் டிரைவர் பழைய லைனில்தான் ஓடும், அங்கே பகிர்ந்தே ஆக வேண்டும். அந்தப் பாதையைச் சோதிக்காமல் விடுவதைவிட, பழைய லைனை ஆதரிக்கவில்லை என்று நேர்மையாக விட்டுவிடுவது மேல்.

நடுவில் ஒரு பிரிப்பான்

ஒரே சிப்புக்குள் பல பகுதிகள், வெளியே ஒரே ஒரு லைன், உள்ளே யார் எழுப்பியது என்று காட்டும் ஒரு தொகுப்பு ரெஜிஸ்டர். ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டுப் பின்கள்) கன்ட்ரோலர், பவர் மேனேஜ்மென்ட் சிப் எல்லாம் இப்படித்தான். இதில் ஒவ்வொரு பகுதியின் டிரைவரையும் ஒரே லைனில் பகிரச் சொல்வது பலர் செய்யும் தவறு. தொகுப்பு ரெஜிஸ்டரை ஐந்து பேர் படிப்பார்கள், ஒருவர் துடைத்தது மற்றவருக்குத் தெரியாது. தாய் டிரைவர் ஒரு ஐஆர்க்யூ டொமைன் அமைத்து, ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு கற்பனை இன்டரப்ட் எண் கொடுத்துவிட்டால், பிள்ளை டிரைவர்களுக்குத் தனி லைன் கிடைத்த மாதிரியே இருக்கும். ஐ2சி என்ற மெதுவான சீரியல் பஸ்ஸில் உள்ள சிப் என்றால் கெர்னலின் ரெக்மேப் ஐஆர்க்யூ வசதி இதை ஏறக்குறைய முழுதாகச் செய்து கொடுக்கிறது. கொஞ்சம் கூடுதல் நிரல் எழுத வேண்டும், ஆனால் பிறகு நிம்மதி. தொகுப்பு ரெஜிஸ்டர் இல்லாமல் இரண்டு தனிச் சிப்புகளை ஒரே கம்பியில் கட்டியிருந்தால் இந்த வழி கிடையாது, பகிர்வுதான்.

த்ரெட்டில் ஓடும் ஹேண்ட்லர்கள்

ஐ2சி-க்குப் பின்னால் இருக்கும் சிப்பின் ஸ்டேட்டஸை இன்டரப்ட் நேரத்திலேயே படிக்க முடியாது, த்ரெட் வேண்டும். ஐஆர்க்யூஎஃப்_ஒன்ஷாட் போட்டால் த்ரெட் முடியும் வரை லைன் மூடியே இருக்கும். இதைப் பகிர்ந்தால் பக்கத்து ஆளும் அதே ஃப்ளாக்கோடு வர வேண்டும், இல்லாவிட்டால் இருவரில் ஒருவருக்குத்தான் பதிவு. பொருந்திவிட்டாலும் மெதுவான ஐ2சி வாசிப்பு முடியும் வரை வேகமான சாதனம் வாசலில் நிற்கும். மெதுவான ஆளையும் அவசரமான ஆளையும் ஒரே லைனில் கட்டாதீர்கள். 2024-இல் 6.12 கெர்னலோடு பிரீஎம்ட்_ஆர்டி (லினக்ஸின் ரியல்-டைம் வசதி) மெயின்லைனுக்கு, அதாவது அதிகாரபூர்வ கெர்னலுக்கு, வந்துவிட்டதால் இது இன்னும் பலரைத் தொடும். அங்கே சாதாரண ஹேண்ட்லர்களே த்ரெட்டுக்குத் தள்ளப்படுகின்றன, பகிர்ந்த லைன் எல்லா த்ரெட்டும் முடிந்த பிறகே திறக்கும்.

போலிங் பற்றிச் சுருக்கமாக: ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரே இல்லாத, லைனும் கிடைக்காத, அவசரம் இல்லாத சாதனத்துக்கு டைமர் வைத்துக் கேட்பது அவமானம் இல்லை. வெப்பநிலை சென்சாருக்கு அதுவே போதும்.

பகிர்வதென்று முடிவு செய்தால்

முதலில் /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பைத் திறந்து உங்கள் லைனில் வேறு யார் பெயர் காற்புள்ளியோடு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். யாரும் இல்லை என்றால் உங்கள் டிரைவர் இன்னும் பகிர்வைச் சந்திக்கவே இல்லை, அது ஓடுவதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. கன்ஃபிக்_டீபக்_ஷிர்க் என்ற கெர்னல் வசதியைப் போட்டுவிட்டு மாட்யூலை ஏற்றி இறக்குங்கள். ஃப்ரீ_ஐஆர்க்யூ நேரத்தில் அது வேண்டுமென்றே உங்கள் ஹேண்ட்லரை ஒரு முறை கூடுதலாகக் கூப்பிடும், பக்கத்துச் சாதனம் கூப்பிட்ட மாதிரி. கிளாக் முன்பே அணைந்திருந்தால், பஃபர் முன்பே விடப்பட்டிருந்தால் அங்கேயே விழும். அடுத்து, அந்த லைனில் பரபரப்பான ஒரு சாதனத்தை ஓடவிட்டு, உங்களுடையதைத் திரும்பத் திரும்பத் தூங்க வைத்து எழுப்புங்கள். பக்கத்துச் சாதனம் நெட்வொர்க் கார்டு என்றால் முழு வேகத்தில் டேட்டா போய்க்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள்.